பத்து நொடி இருட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'த சோப்ரானோஸ்' தொடரை இன்னும் பார்க்காதவர்கள், என்றாவது பார்க்கும் உத்தேசம் உள்ளவர்கள், இத்தோடு கழன்றுகொள்வது நல்லது. முழுக்க முழுக்க அதன் முடிவைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அப்புறம் வந்து திட்டக்கூடாது.

கொசுவத்தியைச் சுற்றினால் 2007 ஜூன் 11, திங்கட்கிழமை சாயங்காலம். புனேயில் பொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். க்ளையன்ட் நியூ ஜெர்ஸியில். தினமும் நமக்கு ஆறரை மணி, அவர்களுக்குக் காலை ஒன்பது மணிக்கு ஒரு கான்ஃபரன்ஸ் கால் உண்டு. வார இறுதியில் ஏதாவது புட்டுக்கொண்டிருந்தால் திங்கட்கிழமை கச்சேரி களைகட்டும். அன்றைக்கும் நாங்கள் நாலு பேர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஃபோனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எதிர்முனையில் ஒரே சத்தம். ஆனால் திட்டு எங்களுக்கில்லை.

"என் கேபிள்காரனைக் கூப்பிட்டுக் கத்திட்டேன்யா" என்ற பொருளில் ஒருத்தர். "நான் பேஸ்மென்ட்டுக்கே இறங்கிப் போய் ஒயரைப் பார்த்தேன்" என்று இன்னொருத்தர். ரிமோட் மேல் தெரியாமல் உட்கார்ந்துவிட்டாய் என்று பெண்டாட்டியிடம் சண்டை போட்டதாக மூன்றாமவர். இருபது நிமிடம் இதே பேச்சு. எங்கள் சர்வர் பிரச்சினையை யாரும் கேட்கவேயில்லை. நாங்கள் 'ஙே' என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் எங்கள் டேமேஜர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "உங்கள் பக்கம் ஏதாவது அவுட்டேஜா?" என்று கேட்டுவைத்தார். அந்தப் பக்கம் வெடித்துச் சிரித்தார்கள்.

அவுட்டேஜ்தான், ஒரு விதத்தில்.

முந்தின நாள், ஞாயிறு இரவு, எச்பிஓவில் சோப்ரானோஸின் கடைசிப் பகுதி ஒளிபரப்பாகியிருந்தது. 1999 ஜனவரி 10ல் தொடங்கி, ஆறு சீசன், 86 பகுதிகள் ஓடிய தொடர். டோனி சோப்ரானோ என்கிற நியூ ஜெர்ஸி மாஃபியா தலைவன். வீட்டில் மனைவி கார்மெலா, மகள் மெடோ, மகன் ஏ.ஜே.; வெளியே கொலை, கொள்ளை, வட்டிக்காசு; நடுவில் மனப்பதற்றம் தாங்காமல் ஒரு மனநல மருத்துவரிடம் வாராவாரம் போய் உட்காருவது. இதுதான் கதை. தொடரை உருவாக்கியவர் டேவிட் சேஸ். டோனியாக நடித்தவர் ஜேம்ஸ் காண்டோல்ஃபினி. ஆறாவது சீசனை இரண்டாக உடைத்து 2006ல் 12 பகுதிகளும், 2007 ஏப்ரலில் இருந்து கடைசி 9 பகுதிகளும் போட்டார்கள். கடைசி இரவு பார்த்தவர்கள் சுமார் 1 கோடியே 19 லட்சம் பேர். காசு கட்டினால்தான் தெரியும் சேனலுக்கு இது பெரிய கூட்டம்.

அந்தக் கடைசிக் காட்சியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். நாலு நிமிஷத்துச் சொச்சம்தான்.

ப்ளூம்ஃபீல்ட் என்ற ஊரில் ஹோல்ஸ்டன்ஸ் என்று ஒரு பழைய ஐஸ்க்ரீம் கடை. சாப்பாடும் கிடைக்கும். டோனி உள்ளே வருகிறான். மேஜையில் இருக்கும் பாட்டுப் பெட்டியில் ஜர்னி குழுவினரின் 1981ஆம் வருடத்துப் பாட்டு ஒன்றைப் போடுகிறான். கதவு மணி அடிக்கிறது, நிமிர்ந்து பார்க்கிறான், யாரோ ஒரு பெண். மறுபடி மணி, கார்மெலா. மறுபடி மணி, ஒரு ஜாக்கெட் போட்ட ஆள், அவன் பின்னாலேயே ஏ.ஜே. வெங்காய வளையம் ஒரு தட்டு வருகிறது. ஜாக்கெட்காரன் கவுன்டரில் உட்கார்ந்து இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்க்கிறான், எழுந்து டாய்லெட் பக்கம் போகிறான். வெளியே மெடோ காரை இரண்டு வண்டிகளுக்கு நடுவில் நிறுத்தத் தெரியாமல் முன்னே பின்னே, முன்னே பின்னே என்று தடுமாறுகிறாள். ஒருவழியாக நிறுத்திவிட்டு ரோட்டைக் கடந்து ஓடி வருகிறாள். கதவு மணி. டோனி நிமிர்கிறான்.

இருட்டு.

பாட்டும் பாதி வரியில் அறுந்துபோகிறது. பத்து நொடி போலத் திரையில் ஒன்றுமே இல்லை, சத்தமும் இல்லை. அதற்கப்புறம் எழுத்துக்கள் ஓடுகின்றன, பின்னணி இசை இல்லாமல்.

அந்தப் பத்து நொடியில்தான் எங்கள் க்ளையன்ட் பேஸ்மென்ட்டுக்கு ஓடியிருக்கிறார். நாமெல்லாம் ஒளியும் ஒலியும் நடுவில் கரண்ட் போய், டிரான்ஸ்ஃபார்மரைச் சபித்து வளர்ந்த கூட்டம். நமக்கு இது பழகிய வலி. அமெரிக்காக்காரனுக்குப் புதுசு.

அன்று இரவே எச்பிஓவின் இணையதளம் கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டது. சந்தாவை ரத்து செய்யப்போகிறோம் என்று கோபித்துக்கொண்டவர்கள் ஒரு பக்கம், தொலைக்காட்சி வரலாற்றிலேயே இதுபோல் ஒரு முடிவு வந்ததில்லை என்று கொண்டாடியவர்கள் ஒரு பக்கம். ஒரு வாரத்துக்கு அந்த நாட்டில் நடுநிலைமை என்று ஒன்று இல்லை. ஒன்பதாவது நாள் ஹிலாரி கிளின்டன், தன் தேர்தல் பிரசாரத்துக்காக, கணவர் பில்லோடு சேர்ந்து இதே காட்சியைக் கிண்டல் பண்ணி ஒரு வீடியோ வெளியிட்டார். வெங்காய வளையத்துக்குப் பதில் கேரட் துண்டுகள். மகள் செல்சி வெளியே காரை நிறுத்திக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு வசனம். அப்புறம் அதே மாதிரி இருட்டு. ஜனாதிபதி வேட்பாளரே காப்பியடிக்கிற அளவுக்கு, பார்க்காதவனுக்குக்கூட அந்த முடிவு தெரிந்திருந்தது.

டேவிட் சேஸ் என்ன செய்தார்? ஊரிலேயே இல்லை. ஒளிபரப்புக்கு முன்பே பிரான்சுக்குப் போய்விட்டார். அங்கிருந்து ஒரே ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். நியூ ஜெர்ஸியின் ஸ்டார்-லெட்ஜர் பத்திரிகையின் ஆலன் செப்பின்வாலுக்கு. (தொடரில் டோனி குளியல் அங்கியோடு வாசலுக்கு வந்து பொறுக்கிக்கொண்டு போவானே, அதே பேப்பர்தான். மனிதருக்குக் குசும்பு அதிகம்.) சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: விளக்கவோ, நியாயப்படுத்தவோ எனக்கு விருப்பமில்லை, எல்லாம் திரையிலேயே இருக்கிறது.

எல்லாம் திரையிலேயே இருக்கிறது என்று சொன்னால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

முதலில் வந்தது ஒரு மின்னஞ்சல். எனக்கே மூன்று பேர் ஃபார்வர்டு செய்தார்கள். ஹோல்ஸ்டன்ஸில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் ஏற்கெனவே தொடரில் வந்தவர்கள் என்று அடித்துச் சொன்னது அது. ஜாக்கெட்காரன் டோனியின் எதிரி ஃபில் லியோடார்டோவின் உறவுக்காரப் பையனாம், பெயர் நிக்கியாம். தொப்பி போட்டவர் முன்பு கொள்ளை கொடுத்தவரின் சகோதரராம். வாசலருகே வரும் இரண்டு கறுப்பின இளைஞர்கள் முதல் சீசனில் டோனியைச் சுட வந்தவர்களாம். அத்தனையும் கப்சா. எழுத்து ஓடும்போது அந்த ஆளுக்குப் பெயர்கூட இல்லை, 'மெம்பர்ஸ் ஒன்லி ஜாக்கெட் போட்டவர்' என்றுதான் வருகிறது. நடித்தவர் நடிகரே இல்லை, பென்சில்வேனியாவில் பீட்சா கடை வைத்திருந்தவர். ஆனாலும் அந்த மெயில் ஓடியது. தீர்ப்பு வேண்டும் என்கிறவனுக்குச் சாட்சி பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை போலிருக்கிறது.

அதற்கப்புறம் வந்த ஆராய்ச்சிகளை அப்படி ஒதுக்க முடியாது. 2008ல் ஒரு ரசிகர், பெயர் சொல்லாமல், அந்த நாலு நிமிஷத்துக்கு ஒரு புத்தகம் அளவுக்கு வியாக்கியானம் எழுதினார். டோனி செத்தான் என்பது கட்சி. வாதம் லேசுப்பட்டதல்ல. ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் முதலில் டோனியின் முகம், அடுத்து அவன் பார்ப்பது என்ன என்று நமக்குக் காட்டுகிறார்கள். இதே வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. கடைசி மணிக்கும் அவன் முகம் வருகிறது. அடுத்து அவன் பார்ப்பது வரவேண்டும். வருவது இருட்டு. ஆக, அவன் பார்ப்பது இருட்டுத்தான். இதோடு இன்னொன்றையும் முடிச்சுப் போட்டார்கள். கடைசி 9 பகுதிகளில் முதலாவதில் ஏரியில் படகில் உட்கார்ந்திருக்கும்போது மைத்துனன் பாபி, சாவு வரும்போது அநேகமாகச் சத்தம்கூடக் கேட்காது என்று சொல்வான். கடைசிக்கு முந்தின பகுதியில் டோனி அதை நினைத்துப் பார்க்கிற மாதிரி மறுபடி காட்டினார்கள். ஆறாவது சீசனின் முதல் பகுதிக்குத் தலைப்பே 'மெம்பர்ஸ் ஒன்லி'. அதில்தான் கிழட்டுச் சித்தப்பா ஜூனியர் டோனியை வயிற்றில் சுடுவார். டாய்லெட்டுக்குப் போய்த் துப்பாக்கியோடு வருவது எந்தப் படத்தில் என்று காட்ஃபாதர் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்க்கட்சியும் சளைக்கவில்லை. ஃபில் பெட்ரோல் பங்கில் செத்தாகிவிட்டது, நியூயார்க்கோடு சமாதானம் ஆகிவிட்டது, பின் யார் ஆள் அனுப்புவார்கள்? வக்கீல் சொன்னபடி கோர்ட்டு கேஸ்தான் வரும். இனி ஆயுசுக்கும் ஒவ்வொரு கதவு மணிக்கும் இவன் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் தண்டனை, அதைத்தான் நமக்கு நாலு நிமிஷம் ருசி காட்டினார்கள் என்றது அந்தக் கட்சி.

இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் சேஸுக்கு வந்த கோபம்தான் எனக்குப் பிடித்தது. அதே 2007ல் பின்னால் கொடுத்த ஒரு பேட்டியில், டோனி சாகவில்லை என்று கொதித்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் கசப்பாகவே பேசியிருந்தார். இத்தனை வருஷம் அவன் கொன்றான், திருடினான், பொய் சொன்னான், எல்லாவற்றையும் அவன் பக்கம் நின்று ரசித்தீர்கள். கடைசியில் திடீரென்று உங்களுக்கு நியாயம் வேண்டும், அவன் சாப்பாட்டுத் தட்டில் முகம் குப்புற விழவேண்டும் என்கிற மாதிரி. யோசித்துப் பார்த்தால் உண்மைதான். கடைசி 9 பகுதிகளில் ஒன்றில், வளர்த்த பிள்ளை மாதிரி இருந்த கிறிஸ்டோஃபரை, கார் விபத்தில் அடிபட்டுக் கிடப்பவனை, மூக்கைப் பொத்தியே கொன்றுவிடுகிறான் டோனி. அதற்குப் பிறகும் அடுத்த வாரம் அவனுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்று பதறியவர்கள்தானே நாம்?

இது சேஸுக்குப் புதுத் தலைவலியும் இல்லை. மூன்றாவது சீசனில், 2001ல், பனிக்காட்டில் குண்டடி பட்டுத் தப்பி ஓடும் ஒரு ரஷ்யன் என்ன ஆனான் என்று அதற்கப்புறம் ஆறு வருஷம் அவரைக் குடைந்தார்கள். கடைசிவரை அவன் திரும்பி வரவில்லை.

இதற்கெல்லாம் நடுவில் இன்னொரு வகைப் பார்வையாளர் இருந்தார்கள். அவர்கள் கோபம் முடிவைப் பற்றியதே அல்ல. எங்கள் காலில் ஒரு பெரியவர் உண்டு, டேட்டாபேஸ் ஆள். அந்தத் திங்கட்கிழமை எல்லாரும் கத்திக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் பேசவில்லை. பின்னால் நான் ஆன்சைட் போனபோது கேட்டேன். "நான் அதைப் பார்ப்பதில்லை. என் கொள்ளுத்தாத்தா நேப்பிள்ஸ் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து இங்கே ரோடு போட்டார். என் கடைசிப் பெயரைக் கேட்டதும் எட்டு வருஷமாக எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே ஜோக்தான்" என்றார்.

அவர் தனி ஆள் இல்லை. ப்ளூம்ஃபீல்ட் இருக்கும் எஸெக்ஸ் கவுண்டியின் நிர்வாகம் 2000லேயே தன் இடங்களில் சோப்ரானோஸ் படம்பிடிக்க அனுமதி மறுத்தது. 2001ல் சிகாகோவில் ஓர் இத்தாலிய-அமெரிக்க அமைப்பு வழக்கே போட்டது, தள்ளுபடியானது. 2002ல் நியூயார்க் மேயர் ப்ளூம்பெர்க் கொலம்பஸ் தின ஊர்வலத்துக்கு இந்தத் தொடரின் இரண்டு நடிகர்களை அழைக்க, ஊர்வலக்காரர்கள் கூடாது என்று சொல்ல, மேயர் ஊர்வலத்தை விட்டுவிட்டு அவர்களோடு ப்ராங்க்ஸில் போய்ச் சாப்பிட்டார். எல்லாவற்றுக்கும் மேல், அந்தக் கடைசிக் காட்சியே கிட்டத்தட்ட நடக்காமல் போயிருக்கும். 2007ல் ஹோல்ஸ்டன்ஸில் படமெடுக்க அனுமதி கேட்டபோது, இத்தாலியர்களை இழிவுபடுத்துகிறது என்று சொல்லி ப்ளூம்ஃபீல்ட் கவுன்சில் முதலில் மறுத்தது. சட்டப்படி மறுக்க வழியில்லை என்று தெரிந்த பிறகுதான் விட்டார்கள்.

பிழைக்கப் போன ஊரில் நம் பெயரைக் கேட்டதும் மற்றவர்கள் மனதில் என்ன படம் ஓடுகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. 'மதராஸி' என்று ஒரே வார்த்தையில் முடிக்கப்பட்ட நமக்கு அந்தப் பெரியவரின் எரிச்சல் புரியும். ஆனால் பார்க்காமலே இருந்ததில் அவர் ஒன்றைத் தவறவிட்டார் என்பது என் கட்சி. முதல் பகுதியிலேயே டோனி தன் மகளை ஒரு பழைய தேவாலயத்துக்குக் கூட்டிப்போவான். உன் கொள்ளுத்தாத்தா இத்தாலியில் இருந்து வந்த கல்தச்சர், இதைக் கட்டியவர்களில் அவரும் ஒருவர் என்று காட்டுவான். அந்தப் பேரன்தான் இப்போது கல்லை விட்டுவிட்டு ஆளை உடைக்கிறான். மூன்று தலைமுறைக்குள் ஒரு குடும்பம் எதைச் சம்பாதித்து எதைத் தொலைத்தது என்ற கணக்குத்தான் அந்தத் தொடர். மாஃபியா என்பது மேல்பூச்சு.

நான் அதைப் பார்த்தது 2008ல். ஆன்சைட் போய்த் திரும்பிய ஒரு நண்பன் மொத்த டிவிடியும் வாங்கி வந்திருந்தான். தங்கமணியும் நானும், மகளைத் தூங்கவைத்துவிட்டு, இரவுக்கு ஒன்று என்று பார்த்தோம். எனக்கு முடிவு தெரியும். தங்கமணிக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. (இந்த ஒரு விஷயத்தில் எனக்கு மெடல் கொடுக்கலாம்.) அந்தப் பகுதியில் இருட்டுக்கு முன்னால் ஒரு காட்சி உண்டு. சித்தப்பா ஜூனியரை அரசாங்க விடுதியில் டோனி போய்ப் பார்க்கிறான். கிழவருக்கு எல்லாம் மறந்துவிட்டது. நீயும் எங்கப்பாவும் வடக்கு ஜெர்ஸியையே ஆண்டீர்கள் என்று இவன் சொல்ல, அப்படியா, நல்ல விஷயம்தான் என்கிற மாதிரி கேட்டுக்கொள்கிறார். அந்த இடத்திலேயே தங்கமணி அழுதாயிற்று. அப்புறம் ஹோல்ஸ்டன்ஸ். மணி. மணி. இருட்டு.

தங்கமணி டிவிடி ப்ளேயரைப் பார்க்கவில்லை, ரிமோட்டைத் தேடவில்லை. என் பக்கம் திரும்பி, "ஏங்க, அந்தப் பொண்ணு உள்ளே வந்து உக்காந்தாளா இல்லையா?" என்றாள்.

"அதை விடு, டோனி செத்தானா இல்லையா, அதுதான் உலகமே அடிச்சுக்குது" என்றேன்.

"அவன் கிடக்கான். அவ்வளவு கஷ்டப்பட்டு வண்டியை நிறுத்திட்டு ஓடி வருது பாவம். அதுக்கு ஒரு நாற்காலி காலியா இருக்கு. வந்து உக்காந்தாளா?"

அன்றைக்கு இதை ஒரு ஜோக்காகத்தான் ஆபீசில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் திரும்பப் பார்த்தபோதுதான் உறைத்தது. எல்லாரும் கவுன்டரில் உட்கார்ந்தவனையே பார்த்துக்கொண்டிருந்தோம். மேஜையில் என்ன நடந்தது என்று யாரும் அதிகம் பேசவில்லை. ஏ.ஜே. வந்து உட்கார்ந்து, நல்ல நேரங்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நீங்கதானே ஒரு தடவை சொன்னீங்க என்கிறான் அப்பாவிடம். டோனிக்கு நினைவில்லை. நானா சொன்னேன் என்கிறான். சொன்னதுதான். 1999ல் முதல் சீசனின் கடைசிக் காட்சியில், புயல் மழையில் மாட்டிக்கொண்டு நண்பனின் ஹோட்டலில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாலு பேரும் சாப்பிடும்போது சொன்னது. ஒன்றுக்கும் உதவாதவன் என்று எட்டு வருஷமாகத் திட்டு வாங்கிய பையன் அதை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறான்.

2012ல் வேனிட்டி ஃபேர் பத்திரிகையில் காண்டோல்ஃபினி ஒப்புக்கொண்டார்: முடிவைப் பார்த்ததும் அவருக்கும் முதலில் கோபம்தானாம். இவ்வளவு சாவு, இவ்வளவு பாடு, கடைசியில் இவ்வளவுதானா என்று. ஒரு நாள் தூங்கி எழுந்த பிறகு இதுதான் சரி என்று பட்டதாம். அடுத்த வருஷம், 2013 ஜூன் 19, ரோம் நகரில் மாரடைப்பில் அவர் போய்விட்டார். 51 வயது. ஹோல்ஸ்டன்ஸில் அந்த மேஜை மேல் 'ரிசர்வ்டு' என்று ஒரு அட்டையை வைத்தார்கள். அந்த வாரம் செய்திகளில் வந்த அந்தப் புகைப்படத்தைப் பார்த்தபோது, செத்தானா இல்லையா என்று நாங்கள் ஆபீசில் போட்ட சண்டையெல்லாம் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

சண்டை மட்டும் ஓயவில்லை. அதே 2013 செப்டம்பரில் 'பிரேக்கிங் பேட்' முடிந்தது. அதில் எல்லா முடிச்சும் அவிழ்ந்து, கணக்கெல்லாம் தீர்ந்து, நாயகன் தரையில் கிடப்பதைத் தெளிவாகக் காட்டினார்கள். பார்த்தவர்கள் திருப்தியாக எழுந்து போனார்கள். எனக்கும் திருப்திதான். ஆனால் அதைப் பற்றி அதற்கப்புறம் யாரோடும் நான் சண்டை போட்டதாக ஞாபகமில்லை.

2014ல் ஒரு சினிமாப் பேராசிரியை, டோனி செத்துவிட்டானா என்று சேஸையே கேட்டதாகவும் அவர் இல்லை என்று சொன்னதாகவும் எழுதினார். ஒரு நாள் பூமி குலுங்கியது. உடனே சேஸ் தரப்பிலிருந்து மறுப்பு: தவறாகப் புரிந்துகொண்டார்கள், அவன் இருக்கிறானா செத்தானா என்பது விஷயமே இல்லை. 2019 ஜனவரியில் செப்பின்வாலும் மேட் ஜோலர் சைட்ஸும் சேர்ந்து ஒரு புத்தகம் போட்டார்கள். அதற்கான பேட்டியில் சேஸ் பேச்சுவாக்கில் 'அந்த மரணக் காட்சி' என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டார். நீங்கள் இப்போது என்ன சொன்னீர்கள் தெரியுமா என்று இவர்கள் கேட்க, கொஞ்ச நேரம் மௌனம், அப்புறம் ஒரு கெட்ட வார்த்தை. பன்னிரண்டு வருஷம் கட்டிக்காத்ததை ஒரு நொடியில் கோட்டைவிட்ட மனிதர் வேறென்ன சொல்வார்!

2021 நவம்பரில், ஹாலிவுட் ரிப்போர்ட்டருக்குப் பேசும்போது, மிச்சத்தையும் சொல்லிவிட்டார். முதலில் அவர் மனதில் இருந்தது வேறு காட்சி. தொடரின் தொடக்கப் பாட்டில் டோனி நியூயார்க்கிலிருந்து லிங்கன் சுரங்கப்பாதை வழியாக நியூ ஜெர்ஸிக்குக் காரோட்டி வருவான் அல்லவா? கடைசியில் அதே வழியே திரும்ப நியூயார்க்குக்கு, ஒரு பேச்சுவார்த்தைக்குப் போவான், அங்கே அவன் கதை முடியும். அப்புறம் ஒரு நாள் கலிஃபோர்னியாவில் ரோட்டோரம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையைப் பார்த்தாராம். இந்த மாதிரி ஓர் இடத்தில்தான் அவனுக்கு நடக்க வேண்டும் என்று தோன்றியதாம். ஆக, செத்தான் கட்சி ஜெயித்தது. பதினாலு வருஷம் கழித்து.

இதில் பாவம் அந்தப் பாட்டுக்காரர். ஜர்னியின் பாடகர் ஸ்டீவ் பெரி, தன் பாட்டு ரத்தக்களரிக்குப் பின்னணியாகிவிடக்கூடாது என்று, முடிவு என்னவென்று தெரிந்த பிறகே, ஒளிபரப்புக்குச் சில நாள் முன்புதான் அனுமதி கொடுத்திருந்தார். ரத்தம் ஒரு சொட்டும் தெரியவில்லை, வாஸ்தவம்தான். :-)

தீர்ப்பு வந்த பிறகு தெருவெல்லாம் கொண்டாட்டமாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு நாள் பேசினார்கள், அவ்வளவுதான். இல்லை, அவர் சொன்னால் ஆயிற்றா, திரையில் அப்படி இல்லையே என்று எதிர்க்கட்சி இன்னும் கடை நடத்துகிறது. 2020 ஊரடங்கில் முதல் முறையாகப் பார்த்த ஒரு புதுக் கூட்டமும் இதில் சேர்ந்துகொண்டது. என் டீமில் ஒரு சின்னப் பையன், அந்தத் தொடர் தொடங்கியபோது பிறந்தேயிருக்காதவன், கடைசிப் பகுதியை மொபைலில் பார்த்துவிட்டு, நெட் போய்விட்டது என்று நினைத்து ஆப்பை மூடி மூடித் திறந்தானாம். பேஸ்மென்ட்டுக்கு ஓடியவரின் வாரிசு!

2024 மார்ச்சில் ஹோல்ஸ்டன்ஸ்காரர்கள் கடையைப் புதுப்பிக்க வேண்டி, அந்த மேஜையையும் இருக்கைகளையும் ஈபேயில் ஏலம் விட்டார்கள். 82,600 டாலர். நம் கணக்கில் 68 லட்சத்துக்கு மேல். வாங்கியவர் எங்கே வைத்திருக்கிறாரோ. அதே மாதிரி புது மேஜை போட்டு வியாபாரம் நடக்கிறது.

2021ல் சேஸ் சொன்ன செய்தி வந்த அன்று தங்கமணியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மகள் அப்போது பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து சில மாதம் ஆகியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் கிளம்பி வருவதாக இருந்தாள். தங்கமணி ஃபோனையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த சேஸ் வாயைத் திறந்துட்டாரு. டோனி செத்துட்டானாம்."

"அது அப்பவே தெரியுமே" என்றாள். பிறகு, "பொண்ணு வந்தாளான்னு சொன்னாரா?"

பேட்டியை மறுபடி மேலிருந்து கீழே படித்துப் பார்த்தேன். சொல்லவில்லை.